தலைக்கு மேல் வளர்ந்த மக்காச்சோளம்

1. சாக்கில் வந்த பயிர்

அய்யாத்துரை ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வந்தார். உள்ளே வேரோடு பிடுங்கிய மக்காச்சோளப் பயிர்கள். முழங்கால் உயரம்கூட இல்லை. இலையெல்லாம் ஓட்டை. குருத்தில் ஈர மரத்தூள் போல எச்சம் அடைத்துக் கிடந்தது.

“மேடம், இது என்ன புழுன்னு பாத்துச் சொல்லுங்க. எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல.”

நான் அப்போது அந்த வட்டாரத்தில் உதவி வேளாண்மை அலுவலர். குருத்தைப் பிரித்துப் பார்த்தேன். புழுவின் தலையில் ஆங்கில ‘ஒய்’ எழுத்தைத் தலைகீழாக எழுதியது போல ஒரு கோடு. வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். பயிற்சியில் படமாக மட்டும் பார்த்திருந்த அமெரிக்கன் படைப்புழு. எங்கள் கரிசலுக்கு அது வந்த முதல் வருடம் அதுதான்.

அன்றைக்கே அவருடைய காட்டுக்குப் போனேன். மானாவாரி நிலம். மக்காச்சோளத்துக்கு இடையே உளுந்து போட்டிருந்தார்கள். அவர் மனைவி பேச்சியம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, வந்த உடனே ஒரு கேள்வி கேட்டார்.

“பக்கத்துலயே உளுந்து இருக்கு. அதத் தொடவே இல்லையே, ஏன்?”

“மக்காச்சோளம் இருக்கிற வரைக்கும் அதுக்கு அதுதான் வேணும். அது கிடைக்கலன்னா சோளம், கம்புன்னு போகும். பயறு பக்கமெல்லாம் வேற வழி இல்லன்னாத்தான் வரும்.”

“ருசி தெரிஞ்ச புழு” என்றார் அய்யாத்துரை.

அது தின்னும் விதத்தை இருவருக்கும் காட்டினேன். தாய் அந்துப்பூச்சி இலையில் குவியலாக முட்டையிட்டு மேலே பஞ்சு போல மூடி வைக்கும். பொரித்து வரும் குஞ்சுகள் பச்சையத்தை மட்டும் சுரண்டும். இலை வெள்ளைக் காகிதமாகத் தெரியும். நூல் விட்டுக் காற்றில் அடுத்த பயிருக்குப் போகும். கொஞ்சம் வளர்ந்ததும் குருத்துக்குள் இறங்கிவிடும். அங்கே ஒன்றையொன்று தின்று, கடைசியில் பெரும்பாலும் ஒரு புழுதான் மிஞ்சும். அது தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும். அதற்குப் பிறகு மேலே அடிக்கிற மருந்து உள்ளே போவது கஷ்டம். அதனால் முட்டைக் குவியலைக் கண்டவுடன் நசுக்க வேண்டும். மருந்தைப் பயிர் சின்னதாக இருக்கும்போதே, குருத்தில் விழுகிற மாதிரி அடிக்க வேண்டும்.

அவர்கள் சொன்னபடி செய்தார்கள். புழு குறைந்தது. ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறியும் வைத்தோம். அதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் விடவில்லை. கரிசலில் கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். யாரும் காட்டுக்குள் இறங்க முடியவில்லை. மழை விட்டுப் போய்ப் பார்த்தபோது மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டியிருந்தது. இரண்டாம் தலைமுறைப் புழு கதிருக்குள் இருந்தது.

“இனிமே மருந்து அடிக்காதீங்க அண்ணாச்சி” என்றேன். “அடிச்சாலும் புழு மேல படாது. மோசமா இருக்கிற பக்கத்த அறுத்து மாட்டுக்குப் போடுங்க. மிச்சத்துல கிடைக்கிற கதிர எடுங்க.”

“கண்ணு முன்னால திங்கி மேடம். சும்மா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதீங்களா?”

அதையே திரும்பச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனேன். அந்த வாரம் எல்லா ஊரிலும் இதே கதைதான்.

2. கலந்த மருந்து

சில நாள் கழித்து பேச்சியம்மாள் போன் செய்தார்.

“மேடம், அவியளுக்கு வாந்தியா எடுக்கு. வாயில எச்சி ஒழுகிக்கிட்டே இருக்கு. கண்ணு தெரியலங்காவ.”

நான் பக்கத்து ஊரில்தான் இருந்தேன். போகும்போதே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன். அய்யாத்துரை வேப்பமரத்தடியில் கிடந்தார். சட்டை மருந்தில் நனைந்து ஒட்டியிருந்தது. அதைக் கழற்றிப்போட்டு, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவினோம். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

நடந்தது இதுதான். மூன்று வகை மருந்தை ஒன்றாகக் கலந்து, அளவையும் கூட்டி, உச்சி வெயிலில் அடித்திருக்கிறார். தலைக்கு மேல் வளர்ந்த பயிர். ஸ்ப்ரேயர் குழாயை மேலே தூக்கிப் பிடித்தால்தான் கதிருக்கு எட்டும். தூக்கி அடித்த மருந்து அவர் முகத்திலேயே இறங்கியது. மக்காச்சோளக் காட்டுக்குள் காற்று நுழையாது. இலைச் சுணை கையெல்லாம் அறுத்திருக்கும். அந்தக் கீறல்களிலும் மருந்து இறங்கும். மூக்கில் ஒரு துண்டு கட்டியிருந்தார். துண்டும் நனைந்துதான் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன மருந்து என்று கேட்டார். பேச்சியம்மாள் மடியிலிருந்து காலி பாட்டில்களை எடுத்து வைத்தார். டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாத்தையும் ஒண்ணாவா கலந்தாரு?”

“ஆமாய்யா. ஒண்ணுக்கும் சாகலன்னு கலந்தாவ.”

நடுவில் ஒருநாள் அவருக்கு நினைவு திரும்பியது. நானும் அங்கே நின்றேன். மனைவியைப் பார்த்து, “புழு செத்துட்டா?” என்று கேட்டார்.

“செத்துட்டு” என்றார் பேச்சியம்மாள். “எல்லாம் செத்துட்டு. நீங்க ஒறங்குங்க.”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூச்சு விட முடியாமல் போய், அந்த வாரக் கடைசியில் இறந்துபோனார்.

துக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வண்டியைக் காட்டு ஓரத்தில் நிறுத்தினேன். அவர் மருந்து அடித்த பக்கத்தில் ஒரு கதிரை ஒடித்து உரித்தேன். புழு உயிரோடு இருந்தது. இன்னொன்றை உரித்தேன். அதிலும் இருந்தது. கதிரின் தோல் மேலே வெள்ளையாக மருந்து காய்ந்திருந்தது. உள்ளே மணிகள் ஈரமாக, பாதி தின்னப்பட்டுக் கிடந்தன. இதை நான் பேச்சியம்மாளிடம் சொல்லவில்லை. கதிர் ஒடிக்கும்போது அவரே பார்த்திருப்பார்.

3. மறு வருடம்

அடுத்த பட்டத்துக்கும் பேச்சியம்மாள் மக்காச்சோளமே விதைத்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“உளுந்து மட்டும் போட்டா அடைமழையில காய்க்குள்ளயே முளைச்சிருது. மாட்டுக்குத் தட்டையும் வேணும். வேற என்னத்தப் போட?” என்றார்.

கோடையிலேயே ஆழமாக உழுதுபோட்டார். மண்ணுக்குள் இருந்த கூட்டுப்புழுவைக் கொக்கும் மைனாவும் பொறுக்கின. புழுவைத் தின்கிற பூச்சிகள் வரட்டும் என்று ஓரத்தில் தட்டைப்பயறு போட்டார். பயிர் சின்னதாக இருக்கும்போது காலையில் போய் முட்டைக் குவியலைத் தேடி நசுக்கினார். மருந்தும் ஒரே வகை, சொன்ன அளவு. போன வருடம் அளவுக்குப் புழு இல்லை. ஆனால் வடபக்கம் மட்டும் பயிர் உயர்ந்த பிறகு புழு ஏறியது.

நான் போன அன்று அவருடைய கொழுந்தன் கணேசன் முதுகில் ஸ்ப்ரேயரை மாட்டிக்கொண்டு நின்றார்.

“மதினி, ஒரு டேங்க் அடிச்சுப் பாப்போம். அந்தப் பக்கம் பூராவும் போயிரும்.”

பேச்சியம்மாள் வரப்பில் அவருக்குக் குறுக்கே நின்றார். சத்தம் போடவில்லை.

“இடுப்புக்கு மேல போன பயிருக்குள்ள யாரும் டேங்கத் தூக்கிட்டுப் போகக்கூடாது. கதிருதான போகும்? போகட்டும். இறக்கி வைங்க தம்பி.”

கணேசன் என்னைப் பார்த்தார். நானும் அதையே சொன்னேன். டேங்கை இறக்கி வைத்தார். அன்றைக்கே வடபக்கத்தை அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். சாயங்காலம் வரை நான் அங்கேயே இருந்து கட்டுக்கட்டாகத் தூக்கிப் போட்டேன்.

இந்த வேலைக்கு இப்போது வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கூட்டத்தில் மருந்தின் பெயரையும் அளவையும் சொல்வதற்கு முன்னால், எந்த உயரத்தில் மருந்தை நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். நிறுத்தச் சொன்ன காட்டுக்கு மறுநாளும் போங்கள். போட்ட பயிரைப் புழு தின்பதை ஒரு ஆள் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கையில் கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.