தேய்க்காமலே பளபளத்த செம்பு

சிவகாசியில் பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வெடிமருந்துப் பக்கம் இரும்பு ஆகாது, பொறி பறக்கும்; செம்பும் பித்தளையும்தான் புழங்கும். அதனாலோ என்னவோ, செம்பு என்றாலே எனக்கு நம்பிக்கை. குடிதண்ணீரும் செம்புப் பாட்டிலில்தான்.

ஒருநாள் வெயிலுக்கு இதமாக அதில் மோர் ஊற்றிப் போனேன். மத்தியானம் குடித்ததும் வயிற்றைப் புரட்டி வாந்தி. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகே அடங்கியது.

துணைக்கு வந்த முனியம்மாக்கா பாட்டிலை அலசிவிட்டு, "ஏத்தா, காலையில புளித்தண்ணி ஊத்திக் கழுவுனியா? உள்ளாற இம்புட்டுப் பளபளப்பா இருக்கு" என்றார்.

நான் கழுவவே இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மோர் நின்ற அளவுக்குப் பளபளப்பு. அதற்கு மேலே பழைய கறுப்பு.

இப்போது அதில் தண்ணீர் மட்டும்தான். புளியால் கழுவிக் கொட்டும்போதெல்லாம், அன்று மோரின் புளிப்பில் கரைந்து நான் குடித்தது இந்தக் களிம்பைத்தானே என்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.