பொட்டு வைத்த பெட்டி

அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியின் பின்சுவர் ஓரம் லாரி அகலத்துக்கு ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே தேங்காய் நார்த்தூளும் மக்கிய எருவும். பெயிண்ட்டில் கலக்கும் தின்னரின் ஆவியை மின்விசிறி அதற்குள் தள்ளும். ஈர நாரில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும். வெளியே வருவது மண் வாசனைதான். தினமும் தண்ணீர் தெளித்து, சூடு பார்த்து அதை வளர்த்தவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு யாருக்கும் அங்கே அந்த அக்கறை இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் துணி தைக்கும் பெண் ஒருத்தியின் வீடு. அவள் மகளுக்கு ஆறு வயது, மூச்சிளைப்பு நோய். பெட்டி வருவதற்கு முன், தின்னர் நெடி உள்ளே வராமலிருக்க அவர்கள் ஜன்னலில் எப்போதும் அட்டை ஒட்டியிருக்கும். வந்து சில மாதங்களில் அதைக் கிழித்துப் போட்டாள்.

"இப்பத்தான்க்கா என் ஊட்ல காத்து வந்துகினு கீது" என்றாள்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. மெஷின் எல்லாம் துடைத்து, தரை கழுவி, ஒரே அமர்க்களம். நான் ஆபீஸில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். பினாயில் வாசனை வந்தது. கக்கூஸ் கழுவுகிறார்கள் என்று நினைத்தேன். கடைசியில் சந்தனக் கிண்ணத்தோடு போய், பெட்டியின் மூடியில் நானே மூன்று பொட்டு வைத்தேன். சுவருக்கு மேலே அவளிடம் பொரிப் பொட்டலமும் நீட்டினேன்.

விஜயதசமி அன்று மூடியைத் திறந்தால் குப்பென்று பினாயில். நார் வெளுத்துக் கிடந்தது. மேனேஜர்தான் ஆள் விட்டு பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, மேலே பினாயிலும் தெளிக்கச் சொல்லியிருக்கிறார். பூஜைக்குச் சுத்தமாக இருக்க வேண்டுமாம்! எதையும் ஊற்றக் கூடாது என்று நான் எழுதி ஒட்டியிருந்த தாளையும் அழுக்காக இருக்கிறதென்று கிழித்திருந்தார்கள். மேனேஜரிடம் ஓடினேன்.

"எல்லாம் செத்துப்போச்சு சார். திரும்ப வர ஒரு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் ஸ்பிரே நிறுத்துங்க."

"ஏம்மா, பூச்சிதானே? ரெண்டு கூடை சாணி கொட்டு. நல்ல நாளும் அதுவுமா மெஷினை நிறுத்தச் சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா? பெட்டி இருக்கில்ல, செக் பண்ண வர்றவன் அதைத்தான் பார்ப்பான்."

மெஷின் ஓடியது. மறுநாள் காலை அந்தத் தையல்காரப் பெண் கம்பெனி கேட்டுக்கு வந்தாள், கையில் நான் கொடுத்த பொரி. பிரிக்கவே இல்லை.

"இந்தாக்கா. நேத்துலேர்ந்து என் பொண்ணால பேசக்கூட முடியல. இன்னா பூஜக்கா போட்டீங்க?"

நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன், பூட்டுப் போட்டேன், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மேனேஜர் கத்தினார். நானும் கத்தினேன். பத்து வருஷமாக 'சார்' போட்ட வாயால் அன்று என்னென்னவோ சொன்னேன். அதில் ஒரு வார்த்தைக்கும் நான் இன்றுவரை வருந்தவில்லை.

மதியத்துக்குள் பூட்டை அறுத்து மெஷினை ஓட்டிவிட்டார்கள். சாயங்காலம் கிளம்பும்போது சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். ஜன்னலில் புது அட்டை ஒட்டியிருந்தது. இந்தப் பக்கம், செத்த பெட்டியின் மேல் நான் வைத்த பொட்டு கலையாமல் இருந்தது.