கண்ணில் வைத்த பொட்டு

சும்மா உட்காரச் சொன்னால் எனக்குக் கால் அரிக்கும். மலேசியாவில், ரவாங் தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்ததோ, உட்கார்ந்து திரையைப் பார்க்கும் வேலை. ஆள் ஓட்டாமல் தானாகவே பெட்டி சுமந்து போகும் மூன்று வண்டிகள். எது எங்கே போகிறது, எந்த முக்கில் எது வழிவிட வேண்டும் என்று நான் கவனிக்க வேண்டும். அதற்கு முன் பெட்டி தூக்கி அடுக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினேன். சோதனைக் காலத்தின் கடைசி நாள் வந்தது. வண்டிகள் ஒழுங்காக ஓடினால் திரை எனக்கு. நின்றால் பழையபடி போர்க்லிப்ட் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். காலையிலேயே பார்க்க வருவதாகவும் சொன்னார்.

அன்றைக்கென்று ஆயுத பூசை.

ஷிப்ட் தொடங்கியது. வண்டி எதுவும் நகரவில்லை. 'முன்னால் தடை' என்றது திரை. ஓடிப்போய்ப் பார்த்தேன், ஒரு துரும்புகூட இல்லை. திரும்பி ஓடி வந்து பொத்தானை அழுத்தினேன். மறுபடியும் தடை. மறுபடியும் ஓட்டம்.

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து பஸ்ஸில் வரும் பேக்கிங் அக்கா சிரித்தார். "என்னடா தம்பி, கோயில் தேர் மாதிரி நிக்குது? வடம் புடிக்கணுமா?"

"சிரிக்காதீங்க லா அக்கா, என் பொழப்பு நிக்குது!"

குந்திப் பார்த்தேன். வண்டியின் முன்பக்கம் ஒரு கறுப்புக் கண்ணாடி உண்டு, வழி பார்க்கும் கண். அதன் நட்டநடுவில் சந்தனம், மேலே குங்குமம். மூன்று வண்டிக்கும் அப்படியே. காலையில் பூசை போட்டது அக்காதான்.

"நெத்தின்னு நெனச்சுக் கண்ணுல வச்சிட்டீங்களே அக்கா!"

"எல்லாப் பக்கமும் ஒரே தகரம். நெத்தி எதுன்னு எழுதியா ஒட்டியிருக்கு?"

துணியை எடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நல்ல நாளும் அதுவுமா வச்ச பொட்ட அழிக்கிறதா? கை வைக்காத!"

வாசலில் மேனேஜரின் குரல் கேட்டது. "அப்ப நான் போர்க்லிப்டுக்கே போறேன். சந்தோசமா?"

அக்கா மணிக்கட்டை விட்டார். சட்டென்று சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். "மொதல்ல புதுசு வைக்கிறேன். அப்புறம் பழச எடு." ஒவ்வொரு வண்டியின் உச்சியிலும் அவர் பொட்டு வைத்துக்கொண்டே முன்னால் போக, நான் கண்ணாடியைத் துடைத்தபடி பின்னால் ஓடினேன்.

மேனேஜர் உள்ளே வந்தபோது முதல் வண்டி முக்கில் திரும்பிக்கொண்டிருந்தது, உச்சிப் பொட்டோடு. அவர் அதையும் பார்த்தார், வியர்த்து வழிந்த என்னையும் பார்த்தார். திரைப் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

திரை கிடைத்தும் என்ன, இப்போதும் உட்கார முடிவதில்லை. ஷிப்டுக்கு முன்னால் ஒவ்வொரு வண்டியின் முன்பும் குந்தி முகத்தைப் பார்க்கிறேன். அக்கா தூரத்திலிருந்தே கத்துவார்:

"வேலைக்கு வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"