பாரம் வரும்வரை சுற்றுங்கள்

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. குளிர் தொடங்கினால் வலது தோள் இறுகிவிடும், வரிகள் கீழே சரிந்துகொண்டு போகும். அந்தத் தோளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஞாயிறு காலைகளில் லோசான் ஏரிக்கரையில் என்னோடு தம்பிமார் மூன்று பேர் மீன் பிடிக்கிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருவர் கேட்டார்.

“அண்ணை, எங்களுக்கு மூண்டு கடிச்சா ரெண்டு கழண்டு போகுது. உங்களுக்கு மட்டும் ஏன் ஒண்டும் போறேல்லை? வாயாலை சொல்லமாட்டியள் எண்டு தெரியும். ஒரு பக்கம் எழுதியாவது தாங்கோ.”

ஓம் என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான் கை நின்றது. நான் அதைப் பழகியது எப்படி என்று எழுதினால், ஒன்பது வருடமாக என் மனைவியிடம் மறைத்ததையும் எழுத வேண்டும். அவளுடைய அண்ணன் என்னை அடித்து எலும்பை முறித்தார். நான் கல்லில் சறுக்கி விழுந்தேன் என்றே அவள் இன்றுவரை நம்புகிறாள்.

மச்சான் இந்த நாட்டின் தெற்கே, இத்தாலிய மொழி பேசும் டிச்சினோவில், லுகானோ ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஹோட்டல் சமையலறையில் வேலை. 2009 மே மாதத்துக்குப் பிறகு என் மனைவியின் தம்பியைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. பெற்றோர் முன்பே போய்விட்டார்கள். கூடப் பிறந்ததென்று அவளுக்கு மிஞ்சியது இந்த அண்ணன் மட்டும். அந்த வருடம் இலை உதிரும் காலத்தில் நானும் மனைவியும் அவர் வீட்டுக்குப் போனபோது, படுக்கையறைக் கதவில் ஒரு காலண்டர் தொங்கியது. அதற்குப் பின்னால் அவர் கையால் குத்திய ஓட்டை இருந்தது. அவர் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். பொலிஸ் வழக்கு ஒன்று விழுந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும்.

மறுநாள் காலை நானும் மச்சானும் ஏரிக்குப் போனோம். மச்சான் எனக்கு ஒரு தகட்டு ஜிக் தந்தார். ஈயத் தலை வைத்த தடித்த முள், அதன் முன்னால் சின்ன இரும்புத் தகடு, முள்ளைச் சுற்றி ரப்பர் இழைகள். சுற்றி இழுக்கும்போது தகடு இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ளும். அந்த அதிர்வு நூல் வழியாகக் கைக்கு வரும். அந்த ஏரியில் இருக்கிற பாஸ் மீன் பின்னால் துரத்தி வந்து வாயை மூடினால் அதிர்வு சட்டென்று நின்றுவிடும்.

மச்சான் கடலில் கைநூலில் மீன் பிடித்துப் பழகியவர். அங்கே மீன் இறாலைக் கொத்திப் பார்த்துத் துப்பிவிடும். நூல் துடித்த கணமே சட்டென்று சுண்டி இழுக்க வேண்டும், அதை வெட்டுவது என்போம். அதையே ஏரியிலும் செய்யச் சொன்னார். அதிர்வு நின்றால் தூண்டில் தடியை வானத்துக்குத் தூக்கு என்றார். அது பிழை. பாஸ் மீன் கடித்த பிறகும் நம்மை நோக்கியே வந்துகொண்டிருக்கும். நூல் தொய்ந்திருக்கும். அந்த நேரத்தில் வெட்டினால் இன்னும் இறுகாத வாயிலிருந்து ஜிக்கை நாமே பிடுங்கி எடுக்கிறோம். அன்று எனக்கு அது தெரியாது. நான்கு மீன் கடித்து நான்கும் போயின.

மச்சான் இரண்டு பிடித்திருந்தார். இந்த நாட்டில் பிடித்த மீனைத் துடிக்க விடக்கூடாது. உடனே தலையில் அடித்து, செவுளை வெட்ட வேண்டும். அதற்காக மேசைக் கால் ஒன்றை முழங்கை நீளத்துக்கு வெட்டி வைத்திருந்தார். ஓர் அடி போதும். அவர் ஐந்தாறு அடித்தார். மீனின் கண் வெளியே வந்த பிறகும் அடித்தார். புல்லிலும் என் சப்பாத்திலும் இரத்தம் தெறித்தது.

“என்ன மச்சான், மீன் பிடிக்கிறியோ, மீனுக்குச் சோறு தீத்துறியோ?” என்றார். “உது கையோ, வாழைத்தண்டோ?”

நான் சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“இப்பிடி மெத்தெண்டு நிண்டு நிண்டுதான் எல்லாத்தையும் விட்டனாங்கள். என்ரை தம்பி நிண்ட இடத்திலை நீ நிண்டிருந்தா, முதல் நாளே ஓடியிருப்பாய்.”

அடுத்த வீச்சில் தகடு நின்றது. மீன் இல்லை, நீர்ச்செடியில் உரசியது. அது என் கைக்குத் தெரிந்தது. மச்சான் எனக்குப் பின்னால் வலது பக்கம் நிற்கிறார் என்பதும் தெரியும். தெரிந்தும் என் முழுப் பலத்தோடு வெட்டினேன். அவரைக் குத்த வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் அந்த வெட்டு மீனுக்காக இல்லை.

ஜிக் செடியை அறுத்துக்கொண்டு தண்ணீரிலிருந்து பாய்ந்து, என் காதை உரசிப் போனது. கை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். நூலோடு மச்சானின் முகம் முன்னால் வந்தது. முள் கண்ணுக்கு ஒரு விரல் கீழே, கன்னத்தில் ஏறி நின்றது. ரப்பர் இழைகள் மூக்கில் ஒட்டிக்கிடந்தன.

அவர் கத்தவில்லை. முள் கழலாமல் தடுக்கிற சின்னப் பல்லை, இந்த நாட்டு விதிப்படி, நான் முதலே குறட்டால் நசுக்கியிருந்தேன். அதனால் தானே பிடித்து உருவினார். தோல் முள்ளோடு இழுபட்டு, பிறகு விட்டது. இரத்தம் கழுத்துக்குள் ஓடியது. பிறகு குனிந்து கட்டையை எடுத்தார்.

முதல் அடி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுந்தது. காய்ந்த தடி முறிகிற சத்தம் கேட்டது. என் உடம்புக்குள் இருந்து வந்த சத்தம் என்று உடனே விளங்கவில்லை. இரண்டாவது முதுகில். மூன்றாவது தொடையில். மீனை அடித்த அதே வேகம், அதே மூச்சு. நான்காவதற்கு ஓங்கியவர் அப்படியே நின்றார். நான் மீன்களுக்குப் பக்கத்தில் கிடந்தேன். அவர் கரையில் குந்தியிருந்து முகத்தைக் கழுவினார். தண்ணீர் சிவந்து, பிறகு தெளிந்தது.

“விழுந்தனான் எண்டு சொல்லு” என்றார், என்னைப் பார்க்காமல்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இத்தாலிய மொழியில் கேட்க, மச்சான்தான் கன்னத்தில் பஞ்சை அழுத்தியபடி மொழிபெயர்த்தார்.

“எப்பிடி விழுந்தனி எண்டு கேக்கிறார்.”

டாக்டர் அப்படிக் கேட்கவில்லை. எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. ஆனால் லோசானில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவிப் பழகிய பிரெஞ்சு, யார் அடித்தது என்று அவர் கேட்டதை விளங்கிக்கொள்ளப் போதுமாக இருந்தது. என் முதுகையும் அவர் பார்த்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டு மறுபடியும் கேட்டார். நான் இடது கையால், கால் சறுக்கிக் கல்லில் விழுந்ததாகக் காட்டினேன். விழும்போது என் தடி சுழன்று முள் தன் கன்னத்தில் பட்டது என்று மச்சான் சொல்லியிருப்பார்.

மச்சானுடைய விண்ணப்பம் ஒரு காரணம். என் மனைவி இந்த அண்ணனையும் இழந்துவிடுவாள் என்பது இன்னொரு காரணம். முதலில் இரத்தம் வரவைத்தது நான் என்பதும் ஒரு காரணம். அதை நான் எனக்கே சொல்ல நாள் எடுத்தது.

வீட்டில் அவள் அழுதாள். “நிலத்தைப் பாத்து நடக்கத் தெரியாதோ உங்களுக்கு?” என்று என்னை ஏசினாள். பிறகு அவரிடம், “நல்ல காலம் அண்ணா, நீங்கள் பக்கத்திலை நிண்டது” என்றாள். மச்சான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எலும்பு கோணலாகப் பொருந்தியது. வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை. அடுத்த வருடம் அதே கரைக்கு, அதே மச்சானோடு போனேன். போகமாட்டேன் என்றால் ஏன் என்று அவள் கேட்பாள்.

தகடு நின்றது. தடியைத் தூக்க முடியவில்லை. வேறு வழி இல்லாமல் ரீலைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். தொய்வு போய், நூல் இறுகி, தடி தானாக வளைந்தது. மீனின் முழுப் பாரமும் கைக்கு வந்தது. அப்போது தடியைத் தாழ்வாகப் பிடித்தபடி இடுப்பை மட்டும் பக்கவாட்டில் திருப்பினேன். சுற்றுவதை நிறுத்தவில்லை. முள் வாயின் மூலையில் எலும்பு வரை ஏறியிருந்தது. குறட்டால்தான் எடுத்தேன்.

தம்பிமார் கேட்டது இதுதான். அதிர்வு நின்றால் ஒன்றும் செய்யாதீர்கள், பாரம் வரும்வரை சுற்றுங்கள். பிறகு இடுப்பால் திருப்புங்கள். நுனி கொஞ்சம் வளைகிற தடி எடுங்கள், விறைத்த தடி மீனின் வாயைக் கிழிக்கும். முள்ளின் முனை நகத்தில் குத்தி நிற்காமல் வழுக்கினால் அரத்தால் தீட்டுங்கள். பக்கவாட்டில் திருப்பினால், தப்பினாலும் ஜிக் தண்ணீருக்குள்ளேயே நிற்கும், மீன் திரும்பவும் கடிக்கும். யாருடைய முகத்துக்கும் வராது.

அன்று அந்த மீனை இடது கையால் புல்லில் அழுத்திப் பிடித்தேன். மச்சான் கட்டையை ஓங்கினார். என் உடம்பு தானாகச் சுருண்டு, முகம் மண்ணில் போய்ப் பட்டது. மீன் கையை விட்டு வழுக்கித் துள்ளியது. நான் நிமிர்ந்தபோது அவர் கட்டையை ஓங்கியபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மீனைக் காலால் அமத்தி ஒரே ஓர் அடி அடித்தார்.

அவருக்குக் கடவுச்சீட்டு கிடைத்துப் பல வருடமாகிவிட்டது. மறைக்கக் காரணம் குறைந்த பிறகும் நான் மறைத்தேன். இந்த வருடம் அவருடைய மகளின் கலியாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பழைய கதைகள் சொன்னார்.

“எங்கடை மச்சானைத் தெரியுமோ? மீன் பிடிக்கப் போய், கல்லு இவரைப் பிடிச்சது!”

மண்டபம் சிரித்தது. கன்னத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டி, “எனக்கும் சேத்து!” என்றார். அவருக்கே அந்தப் பொய் உண்மையாகிவிட்டதோ தெரியாது. என் பக்கத்தில் இருந்த மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் வலது தோளில் தட்டினாள்.

இன்று நான் ஏரிக்குப் போகவில்லை. அவளுக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை, இரண்டு மணிக்கு வருவாள். அவள் சாவி வைக்கிற தட்டுக்குக் கீழே இதை வைக்கிறேன். தம்பிமாரிடம் கொடுப்பதா என்று அவள் சொல்லட்டும். அண்ணனுக்கு ஃபோன் எடுக்க நினைத்தால், செடி என்று தெரிந்துதான் நான் வெட்டினேன் என்பதையும் வாசித்துவிட்டு எடுக்கட்டும்.

ரெனான், லோசானுக்குப் பக்கத்தில்,
ஞாயிற்றுக்கிழமை, 11 நவம்பர் 2018