நான் கை உயர்த்திய நாள்

ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் போனால் எங்கள் தொழிற்சாலை வரும். சமையலறை அலுமாரிக் கதவுகளைத் தாங்கும் பிணைச்சல்களை அங்கே செய்கிறோம். நான் சேர்ந்து பதினாறு வருடமானபோது என்னைத் தொழிலாளர் சபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாகம் எதைச் செய்வதானாலும் சபையின் ஒன்பது பேரிடமும் பேசியாக வேண்டும். அந்த ஒன்பது பேரில் தமிழ் ஆள் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நான் குடியிருக்கும் கட்டிடத்தில் இரண்டாம் மாடியில் ஒரு பெண் இருந்தாள். யாழ்ப்பாணத்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது நான்தான். நேரடியாக எடுக்க மாட்டார்கள். ஆட்களை வாடகைக்கு அனுப்பும் ஒரு கொம்பனி மூலமாகத்தான் வந்தாள். காலையில் எங்களோடு பிணைச்சல் பூட்டுவாள், பின்னேரம் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவுவாள். நிரந்தரமாக எடுத்துவிட்டால் சமையலறை வேலையை விட்டுவிட்டு ஜெர்மன் வகுப்புக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய எண்ணம்.

ஒரு நாள் முகாமையாளர் சபையைக் கூப்பிட்டு இரண்டு பிணைச்சல்களை மேசையில் வைத்தார். ஒன்று எங்களுடையது, மற்றது கிழக்கே வேறொரு நாட்டில் செய்தது. எங்களுடையது எது என்று கேட்டார். நான் இரண்டையும் எடுத்துத் திறந்து மூடிப் பார்த்தேன். இத்தனை வருடம் பூட்டிய கைக்கு வித்தியாசம் தெரியவில்லை. மற்றது பாதி விலைக்கு விற்கிறது என்றார் அவர். இங்கே மின்சாரமும் விலை, ஆட்களும் விலை. இந்த நாடு போட்டியில் நிற்க வேண்டுமென்றால் எல்லாரும் ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலையை அங்கேயே கொண்டுபோய்விடுவார்கள் என்று விளக்கினார். மிரட்டிச் சொல்லவில்லை. அவருக்கும் கவலைதான்.

அவர் தந்த திட்டம் இதுதான். நிரந்தரமானவர்கள் கிழமைக்கு மூன்று மணி நேரம் சம்பளமில்லாமல் கூடுதலாக வேலை செய்வது. அதற்குப் பதிலாக ஐந்து வருடத்துக்குத் தொழிற்சாலையை மூடுவதில்லை, எங்களில் ஒருவரையும் நிறுத்துவதில்லை. வாடகை ஆட்கள் பதினொரு பேரை மட்டும் திருப்பி அனுப்புவது. மூன்று கிழமையில் சபை வாக்கெடுக்க வேண்டும், அதுவரை வெளியே மூச்சு விடக்கூடாது, அது சட்டம் என்றும் சொன்னார்.

அந்த மூன்று கிழமைக்குள்தான் அவள் உடுப்பு மாற்றும் அறையில் என்னைக் கேட்டாள்.

“அக்கா, மேற்பார்வையாளர் என்ரை வேலை நல்லம் எண்டவர். நிரந்தரமாக்குவினம்போல கிடக்கு. மற்ற வேலையை விடட்டோ?”

நான் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

“உங்களுக்கு எது வசதியோ அப்பிடிச் செய்யுங்கோ” என்றேன்.

என் வாயிலிருந்து வந்ததை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். அது எனக்கு அப்போதே விளங்கியது. அடுத்த நாள் சமையலறை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வாக்கெடுப்பு அன்று சபையில் மூத்தவரான ஒரு ஜெர்மன்காரர் வேறொரு வழி சொன்னார். நாங்கள் எல்லாரும் கிறிஸ்மஸுக்குக் கிடைக்கும் மேலதிகக் காசை விட்டுக்கொடுத்தால் அந்தப் பதினொரு பேரையும் வைத்திருக்கக் கேட்கலாம் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் துணை நிற்பேன் என்று நம்பியிருக்க வேண்டும். ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். நான் ஒருவரிடமும் கேட்டுப் பார்த்திருக்கவில்லை. ஒத்துக்கொள்ளாத ஆள் நான்தான். ஐம்பத்து மூன்று வயதில் வெளியே போனால் என்னை யார் எடுப்பார்கள் என்ற பயத்தில், முகாமையாளரின் திட்டம் அப்படியே நிறைவேறினால் போதும் என்றிருந்தது. வாக்குக் கேட்டபோது கையை உயர்த்தினேன். ஏழு கைகள் உயர்ந்தன. என் கை இல்லாமலும் அது நிறைவேறியிருக்கும். ஆனால் உயர்த்தும்போது நான் மற்றக் கைகளை எண்ணிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுடைய கொம்பனி இனி வேலைக்குப் போக வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். நான் தேத்தண்ணி போடப் போனேன், வேண்டாம் என்றாள்.

“உங்களுக்கு முந்தியே தெரியுமோ?”

“ஓம். மூண்டு கிழமையா. வெளியில சொல்ல ஏலாது, சட்டம்.”

“சட்டம் எனக்கு விளங்குது. ‘கொஞ்சம் பொறுங்கோ’ எண்டு சொல்லவும் சட்டம் விடாதோ?”

அவளே அடுத்ததையும் கேட்டாள்.

“கை உயர்த்தினனீங்களோ?”

“உயர்த்தினனான்.”

அவள் எழும்பிக் கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போனாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

முதியோர் இல்லத்தில் அவளுடைய இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் அலைந்து, கடைசியில் ரயில் பெட்டி துப்புரவாக்கும் வேலை கிடைத்தது. வேலை நேரம் கிழமைக்குக் கிழமை மாறுவதால் ஜெர்மன் வகுப்புக்குப் போகும் எண்ணமும் நின்றுபோனது. நான் ஒரு வகுப்பைத் தேடி விவரத்தை எழுதி அவளுடைய தபால் பெட்டியில் போட்டேன். போனாளா தெரியாது.

தொழிற்சாலை மூடப்படவில்லை. முகாமையாளர் கேக் வெட்டி, பொறுப்போடு நடந்ததற்காக எங்களுக்கு நன்றி சொன்னார். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். அந்தக் கணக்கு பிழை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. இருநூறு பேருக்கு வேலை இருக்கிறது. ஆனால் அன்றைக்கு உடுப்பு மாற்றும் அறையில் குனிந்திருந்த என் தலையை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. அடுத்த சபைத் தேர்தலில் நான் நிற்கவில்லை. மற்றவர்கள் காரணம் கேட்டபோது முழங்கால் நோகிறது என்றேன்.

போன மாதம் தமிழ்க் கடையில் அவளைக் கண்டேன். சுகம் கேட்டாள், என் முழங்காலைக்கூட விசாரித்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அக்கா என்று மட்டும் கூப்பிடவில்லை.