படத்தில் கறுத்துப்போன கனகாம்பரக் குட்டி

சேற்று வாசனை...

உப்பும் அழுகிய இலையும் கலந்த வாசனை. கிள்ளான் ஆற்றோரச் சதுப்புக் காட்டில், விடியலுக்கு முன்னால்தான் அது அவ்வளவு கனமாக வரும்.

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தா; இங்கே கிராணி என்பார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமரா ஒன்று வைத்திருந்தேன். மூன்று கால் ஸ்டாண்டு, கண்ணாடிப் பிளேட்டு, மரப்பெட்டி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பறவை, குரங்கு என்று எதையாவது தேடிக் கிளம்பிவிடுவேன்.

கமலம் கப்பலில் வந்து இறங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கல்யாணமான புதிது. எதைக் கேட்டாலும் "ஆமா", "இல்ல", அவ்வளவுதான். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஊருக்கு அடுத்த கப்பல் எப்பங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஞாயித்துக்கிழம கிள்ளான் போறேன். கூட வர்றியா?" என்றேன்.

என்ன நினைத்தாளோ... தலையாட்டினாள்.

என்னோடு வேலை பார்த்த ராமனின் கிள்ளான் வீட்டில் முதல் நாளிரவே போய்த் தங்கி, இருட்டோடு எழுந்து ஆற்றோரம் போனோம். கொசு பிய்த்து எடுத்தது. மலாய்க்காரர்கள் லோத்தோங் என்று சொல்லும் கறுங்குரங்குகள் ஒரு மரம் நிறைய அடைந்திருந்தன. விடிந்துவிட்டால் கலைந்து போய்விடும். விடியாவிட்டால் படம் விழாது. அந்த அரைவெளிச்சத்தில் நிதானமாக ஒரு மூச்சு இழுத்து விடும் நேரமாவது லென்ஸ் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் குரங்கு வாலை ஆட்டினாலும் போச்சு.

என் மூக்குக் கண்ணாடியில் பனி படர்ந்து ஒன்றும் தெரியவில்லை. துடைக்கத் துடைக்க மங்கியது.

கமலம் என் கையைப் பிடித்தாள்.

"என்னங்க... அந்தக் கறுப்புக் கொரங்கு மடியில பாருங்க. குட்டி... கனகாம்பரப் பூ மாதிரி இருக்கு!"

கண்ணை இடுக்கிப் பார்த்தேன். ஆமாம், கறுத்த தாயின் மடியில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் உருண்டை.

"ஆடாம இருக்கறப்ப நீ சொல்லு" என்றேன்.

"இருங்க... தாய் சொறியுது... இருங்க... இப்ப!"

மூடியைத் திறந்தேன். அவளும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். மூடியதும் இரண்டு பேரும் ஒன்றாக மூச்சு விட்டோம். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து, குளியலறையில் சிவப்பு விளக்கு வைத்துப் பிளேட்டைக் கழுவி, காகிதத்தில் படம் போட்டேன். தாய் வந்திருந்தது, அசையாமல், அழகாக. குட்டி? அந்தக் காலத்துப் பிளேட்டுக்கு ஆரஞ்சு நிறம் தெரியாது, கறுப்பாகவே விழும். தாயும் குட்டியும் ஒரே கறுப்பு.

குட்டியின் நிறத்தைச் சொல்லி ராமனிடம் காட்டினேன். "எங்கேப்பா தங்கக் குட்டி? கரிமூட்டயப் படம் புடிச்சிட்டு வந்திருக்கே!" என்று சிரித்தான். படத்தை அலமாரி மேல் போட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், கமலம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த கிண்ணம். தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றி, அந்தப் படத்தில் குட்டியின் மேல் மட்டும் கெட்டியாகப் பூசிக்கொண்டிருந்தாள்.

"ராமன் அண்ணனுக்குத் தெரியலன்னா என்னங்க? நாம ரெண்டு பேரும் பாத்தோம்ல."

கப்பல் பேச்சை அப்புறம் அவள் எடுக்கவில்லை. ஞாயிறு வந்தால் எனக்கு முன்னால் எழுந்து, ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள்.

இப்போது கலர் பிலிம் வந்துவிட்டது. மூச்சை அடக்க வேண்டாம், விடியலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். போன மாதம் கோலசிலாங்கூர் குன்றுக்குப் போயிருந்தோம். பட்டப்பகலில் லோத்தோங்குகள் பக்கத்தில் வந்து கமலத்தின் கையிலிருந்தே பயற்றங்காயை வாங்கித் தின்றன. ஒரு தாயின் வயிற்றில் அதே நிறத்தில் குட்டி. அவசரமாக ஒரு படம் எடுத்தேன்.

பிரிண்ட் வந்தது. குரங்கின் வால் மட்டும் ஓரத்தில் விழுந்திருக்கிறது. மிச்சமெல்லாம் கமலம்... நரைத்த தலையைச் சாய்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

நல்ல படம்தான்.