ரிங்லெட் ஏரியும் என் தேயிலைப் பெட்டிப் பலகையும்

குளிர்ந்த தண்ணீர் மேல் பெட்ரோல் வாடை அடித்தால் எனக்கு இன்றைக்கும் ரிங்லெட் ஏரிதான்...

எழுபதுகளின் கடைசி. கேமரன் மலையில், எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் வேலை எனக்கு. பிளைவுட் பெட்டிக்குள் வெள்ளித்தாள் விரித்து, தூளை நிரப்பி, மூடி போட்டு ஆணி அடிக்க வேண்டும். எவ்வளவு குளித்தாலும் தலைமுடியில் தேயிலைத் தூள் இருக்கும். அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை, குமரேசன் எதிரே வரும்போது தவிர.

குமரேசன் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு அடுத்த லயம். மேலே காய்கறித் தோட்டங்களிலிருந்து அடித்துக்கொண்டு வரும் குப்பையும் மரக்கட்டையும் அணை ஏரியில் வந்து சேரும். அதை அள்ளும் மோட்டார் படகை ஓட்டுகிறவர். என் தோழி லெட்சுமி அவரை அண்ணே என்று கூப்பிடுவாள். நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை துரை வீட்டு விருந்தாளிகள் ஏரிக்கு வேகப்படகு கொண்டுவந்திருந்தார்கள். படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரப் பெண் பலகைமேல் நின்றுகொண்டு போனாள்! ரோட்டோரம் பஸ்ஸுக்குக் காத்திருந்த நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் எல்லாப் பெண்களும் கொழுந்துக் கூடை சுமந்தவர்கள். முதுகில் எந்தப் பாரமும் இல்லாமல் ஒருத்தி நிமிர்ந்து நிற்பதை அன்றைக்குத்தான் கண்ணாரப் பார்த்தேன்.

"எனக்கும் ஒரு தடவ அப்படி நிக்கணும்" என்றேன் குமரேசனிடம்.

அவர் சிரிக்கவில்லை. "பலகைய நீ பாத்து வை. படகு நான் பாத்துக்கறேன்."

இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் அவரே வந்து சொன்னார். "திரங்கானு பக்கம் புது அணைக்கு மாத்திட்டாங்க. திங்கக்கெழம கெளம்பறேன்."

"அப்போ ஏரி?"

"ஞாயித்துக்கெழம இருக்குலா."

நான் கேட்க வந்தது ஏரியைப் பற்றி இல்லை. வாயில் வந்தது அதுதான்.

உடனே பலகை தேட ஆரம்பித்தோம். குளியலறைக் கதவைக் கழற்றலாம் என்றாள் லெட்சுமி. படகுக் கொட்டகையில் தடித்த மெராந்தி மரப் பலகை ஒன்று கிடந்தது. எனக்கோ பேக்கிங்காரி என்ற கர்வம். கழித்துப் போட்ட பெட்டிப் பலகைகளை அடுப்பெரிக்க எடுத்துக்கொள்ள, கணக்கெழுதும் கிராணி விடுவார். அந்தக் குவியலில் உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டிப் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். டொக்கென்று காய்ந்த சத்தம் வந்தால் நல்ல பலகை. மந்தமாகக் கேட்டால் ஈரம் ஏறியது, தூளைக் கெடுத்துவிடும். தட்டித் தட்டி, இருந்ததிலேயே நன்றாகக் காய்ந்த இரண்டைப் பொறுக்கி, பெட்டி ஓரத்துக்கு அடிக்கும் தகரப் பட்டையாலேயே சேர்த்து அடித்தேன். ஏரியில் மிதக்கப்போகும் பலகைக்குக் காய்ந்த சத்தம் கேட்ட புத்திசாலி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்ததும் குமரேசன் சொன்னார். "இது தண்ணி குடிக்கும், சாந்தி. மெராந்திய எடுத்துக்கோ."

"அத நீங்களே தூக்கிட்டுப் போங்க, திரங்கானுக்கு!"

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அவருக்கும் தெரியும். தான் போட்டிருந்த ஆரஞ்சு மிதவை ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

லெட்சுமி கரையில். படகில் அவர் மட்டும். பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்...

முதலில் முட்டி போட்டேன். தண்ணீர் ஐஸ். பிறகு மெல்ல எழுந்தேன். நின்றுவிட்டேன்! தினம் நடந்த மலைச்சரிவு, எங்கள் லயம், ஃபேக்டரிப் புகைபோக்கி, எல்லாம் சின்னதாகி என்னைச் சுற்றி நகர்ந்தன. அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள், முழுசாகப் பார்த்தது அப்போதுதான். அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

"அண்ணே, முன்னால பாத்து ஓட்டுங்க! கட்ட மிதக்குது!" கரையிலிருந்து லெட்சுமி தொண்டை கிழியக் கத்தினாள்.

ஒரு சுற்று முடியும் நேரம் பலகை ரொட்டி சானாய் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்தது. நான் தண்ணீருக்குள். கை கொடுத்துப் படகில் ஏற்றினார். பல்லெல்லாம் தந்தியடிக்க, இரண்டு பேரும் சிரி சிரியென்று சிரித்தோம்.

"அடுத்த தடவ வர்றப்ப நல்ல பலகையா நான் கொண்டாறேன். நீ தட்டிப் பாக்க வேணாம்."

"எப்ப வருவீங்க?"

"லீவு கெடைக்கறப்பலா..."

திங்கட்கிழமை போனவர்தான். ரொம்ப நாள், ஏரிப்பக்கம் மோட்டார் சத்தம் கேட்டால் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்திருக்கிறேன். பிறகு எனக்குக் கல்யாணமாகி கிள்ளானுக்கு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷர். இதைப் படித்தால் அவரும் சிரிப்பார்.

போன வாரம் மகள், படகுக்குப் பின்னால் நின்று போகிற வேக்போர்டு வாங்க, கோலாலம்பூரில் ஒரு கடைக்கு என்னைக் கூட்டிப்போனாள். சுவர் முழுக்கப் பலகை. எடை என்ன, இதற்குமுன் ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்டுத்தான் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார்கள். கால் வழுக்காமல் இருக்க ஷூவையே அதில் திருகி வைத்திருக்கிறார்கள். என் கை சும்மா இருக்குமா? ஒன்றைத் தட்டிப் பார்த்தேன்.

"அம்மா, அது தர்பூசணி இல்லம்மா!" என்றாள் மகள்.

"உள்ள ஃபோம் ஆன்ட்டி, தண்ணி ஏறாது" என்றார் கடைக்காரத் தம்பி. மகளிடம் திரும்பிப் பாதுகாப்பு விஷயமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். "படகு ஓட்டறவரு முன்னாலதான் பாக்கணும். பின்னால நிக்கிறவங்களப் பாக்க கண்டிப்பா இன்னொரு ஆளு வேணும்."

நானும் தலையாட்டினேன். அவர் சொன்னது சரிதான்.

எங்கள் படகில் இன்னொரு ஆள் இல்லை. அந்த ஒரு சுற்று முழுக்க, அவர் முன்னால் பார்க்கவே இல்லை.